பாட்டுக்கு எந்திரிச்சு வந்தவங்க

உக்காருங்க தம்பி. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. இன்டர்வல் கூட்டம் உள்ள போயிருச்சு, இனி கொஞ்ச நேரத்துக்கு ஒரு பய இந்தப் பக்கம் வர மாட்டான். டீ போடவா? சீனி கம்மியா? உங்களுக்கு முன்னாடி வந்த ரெப்பும் சீனி கம்மிதான். படக் கம்பெனி அனுப்புற ரெப்பு எல்லாருக்குமே சீனி ஆக மாட்டேங்குது, என்னான்னு தெரியல. ஊர் ஊரா தியேட்டர் வாசல்ல நின்னு, கூட்டம் எப்படி, கைதட்டல் எப்படின்னு போன்ல சொல்லிக்கிட்டே திரிஞ்சா கவலை வரத்தான் செய்யும்.

"படம் எப்படிண்ணே போகும்"னு கேட்டீங்கள்ல? சொல்றேன். அவசரப்படாதீங்க. செகண்ட் ஆஃப் பாட்டு இன்னும் வரல.

ஏன் முழிக்கிறீங்க? ஓ, உங்களுக்கு யாரும் சொல்லலையா? இந்த ஊர்ல யாரை வேணாலும் கேளுங்க. உசிலம்பட்டி பூங்கொடி தியேட்டர், கேன்டீன் தவமணி. வெள்ளிக்கிழமை காலைக்காட்சி முடிஞ்சா ஆட்டோ ஸ்டாண்டுல இருந்து போன் வரும், "தவமணிண்ணே, படம் தேறுமா, குடும்பத்தைக் கூட்டிட்டு வரலாமா"ன்னு. வாசல்ல மைக்கு நீட்டுற யூடியூப் பயலுக கூட, படம் பாத்துட்டு வர்றவனை விட்டுட்டு என்கிட்ட வருவாய்ங்க.

படம் பாத்தீங்களாண்ணேன்னு கேக்காதீங்க. நான் படம் பாத்து இருபத்தாறு வருஷமாச்சு. கேன்டீன் எடுத்த புதுசுல ஒரு படம் முழுசா உக்காந்து பாத்தேன். வெளிய வந்தா குரங்கு வந்து தட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருக்கு. அன்னிக்கு விட்டதுதான். அதனால எனக்கு ஒரு குறையும் இல்ல தம்பி. படம் பாத்தவனுக்குத்தான் குழப்பம். முதல் பாதி நல்லா இருந்துச்சு, ரெண்டாம் பாதி இழுவை, வில்லன் சரியில்லம்பான். எனக்கு அதெல்லாம் இல்ல. தட்டைப் பாத்தாத் தெரிஞ்சிரும்.

பேய்ப் படம்னா டீ ஓடும். "பயமே இல்லண்ணே"ம்பான், கிளாஸு கையில கிடந்து ஆடும். காதல் தோல்விப் படம்னா சமோசா அப்படியே கிடக்கும், ஐஸ்கிரீம் தீந்துரும். அப்பா சென்டிமென்ட்டுன்னு வைங்க, பிள்ளை ஒரு பாப்கார்ன் கேட்டா அப்பன் ரெண்டு வாங்கிக் குடுப்பான். அந்தப் படம் அம்பது நாள் ஓடும். படத்தோட பேரெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்காது. பப்ஸு மிஞ்சுன படம், முறுக்கு தீந்த படம், இப்படித்தான் சொல்லுவேன்.

பாட்டையும் விடுறதில்ல. இன்டர்வல்ல புதுப்பாட்டா ஓட விடுவான், ஆபரேட்டர் கனியப்பா. போன வாரம் ஒரு ஆல்பம் பாட்டு. வந்து பத்து நாள்தான் ஆகுதாம், அதுக்குள்ள ஊரே ரீல்ஸ் போடுதாம். முதல் ஒரு நிமிஷம் வெறும் விசிலு. அப்புறம் ஒருத்தன் வந்து படபடபடன்னு கோவமா என்னமோ சொல்றான். யாரு மேல கோவம், என்ன தகராறு, ஒண்ணும் விளங்கல. "இதுதாண்ணே ராப்பு"ங்கிறான் கனியப்பா. ஆனா ஒண்ணு தம்பி, அந்தப் பாட்டு ஓடுறப்ப பாப்கார்ன் வாங்க வந்த காலேஜ் புள்ளைக ரெண்டு, தலையை ஆட்டிக்கிட்டே நின்னு, வாங்குன பாப்கார்னை இங்கயே வச்சுட்டுப் போயிருச்சுக. அப்ப அது ஹிட்டு. எனக்குப் பிடிக்கலைங்குறது வேற விஷயம். நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல.

இதெல்லாம் சில்லறைக் கணக்கு. பெரிய கணக்கு செகண்ட் ஆஃப் பாட்டுதான். இன்டர்வலுக்கு அப்புறம் வர்ற முதல் பாட்டு. ஒரு படத்தோட உசிரு அங்கதான் இருக்கு. கதை பிடிச்சுப் போச்சுன்னா அந்தப் பாட்டுக்கு ஒருத்தன் அசைய மாட்டான். பிடிக்கலைன்னா எந்திரிச்சு வெளிய வருவான். எத்தனை பேரு வர்றாய்ங்கன்னு எண்ணிக்கிட்டா முடிஞ்சுது. இருவதுக்குள்ளன்னா தேறும். முப்பதுக்கு மேலன்னா கஷ்டம். பாத்ரூம் போறவன் அந்தப் பக்கத்துக் கதவுல போவான், அவனை நான் சேக்க மாட்டேன். இதோ, என் பக்கத்துல இருக்கு பாருங்க, இந்தக் கதவு வழியா வர்றவன் மட்டும்.

சும்மா ஏனோதானோன்னு எண்ண மாட்டேன் தம்பி. கனியப்பாகிட்ட முதல்லயே கேட்டு வச்சுக்குவேன், எத்தனையாவது நிமிஷம் பாட்டுன்னு. அதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி சட்டியைப் போட்டுருவேன். மொளகா பஜ்ஜி, வாழக்கா பஜ்ஜி. இன்டர்வலுக்கு பஜ்ஜி கிடையாது, பாட்டுக்கு மட்டும்தான். பாட்டுப் பிடிக்காம மனசு வெறுத்து வெளிய வர்றவனுக்குச் சூடா ஏதாவது குடுக்கணும்ல? அப்புறம் இந்தக் கதவுக்கு ஒரு செங்கலை முட்டுக் குடுத்து லேசாத் திறந்து வச்சிருவேன். பாட்டு என் காதுல விழணும். கேக்காமத் தீர்ப்பு சொல்றது பாவம். சட்டிப் புகை மூஞ்சில அடிக்குதுன்னு இந்த டேபிள் ஃபேனைக் கதவுப் பக்கமாத் திருப்பி வச்சுக்குவேன். அவ்வளவுதான் ஏற்பாடு. இருபத்தாறு வருஷத்துல ஒரு நாளும் மாத்துனதில்ல.

சிரிக்கிறீங்க. பரவாயில்ல, சிரிங்க. போன தீபாவளிக்கு வந்த ரெப்பும் இப்படித்தான் முதல்ல சிரிச்சாரு. கோபாலகிருஷ்ணன்னு பேரு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தத் தீபாவளியில என் தலையே போகப் பாத்துச்சு தம்பி.

எங்க அக்கா பஞ்சவர்ணத்துக்கு ஒரே மக. நிறைமதி. சென்னையில பாட்டுக்காரி. காலேஜ் முடிச்சுட்டுப் போயி, ரெண்டு வருஷம் கூட்டத்தோட கூட்டமா கோரஸ் பாடிக்கிட்டுக் கிடந்துச்சு. நாலு பேரு பாடுற எடத்துல, "மாமா, அந்த ஆ-ன்னு வருதுல்ல, அதுல மூணாவது ஆ நான்"னு போன் பண்ணிச் சொல்லும். நானும் கேட்டுட்டு "ஆமாம்மா, தனியாத் தெரியுது"ன்னு சொல்லுவேன். ஒரு மண்ணும் தெரியாது.

என் மடியில வச்சுத்தான் அதுக்குக் காது குத்துச்சு. தாய்மாமன்ல? அப்ப ஒரு வயசு. ஆசாரி குத்துன உடனே அது அழல தம்பி. வாயைத் திறந்துச்சு, மூச்சை உள்ள இழுத்துச்சு, அப்படியே நின்னுபோச்சு. சத்தமே இல்ல. என்னைப் பாக்குது. ஆசாரி பயந்துட்டாரு, நானும் பயந்துட்டேன். அப்புறம் விட்டுச்சு பாருங்க ஒரு சத்தம், கோயில் மண்டபத்துல தேங்காய் பொறுக்கிக்கிட்டு இருந்தவன்லாம் திரும்பிப் பாத்தான். அன்னிக்கே சொன்னேன் அக்காகிட்ட, இது பாடும்னு.

பாடுச்சு. தீபாவளிப் படத்துல தனிப் பாட்டு. முழுப் பாட்டு, இது ஒரே ஆளு. "நீ வார பஸ்ஸு எந்த பஸ்ஸு"ன்னு, வீட்டுக்காரன் ஊருக்கு வர்றதுக்காக பஸ் ஸ்டாண்டுல நிக்கிற ஒருத்தி பாடுற மாதிரி. நான் கேக்கல. ரிலீசுக்கு முன்னாடி போன்ல அனுப்புச்சு. நான் தொடல. தியேட்டர்ல வரட்டும்னேன். தீர்ப்பு சொல்றவன் முன்கூட்டியே கேக்கக் கூடாது, அது முறையில்ல.

ஆனா பாசத்துல ஒரு குறையும் வைக்கல. ஃப்ளெக்ஸ் வச்சேன் தம்பி, பதினாறடி. "எங்கள் குடும்பத்தின் குயிலே"ன்னு. மேல என் போட்டோ, கீழ ஓரமா அதோட போட்டோ. தாய்மாமன் போட்டோ சின்னதா இருந்தா ஊரு என்ன நினைக்கும்?

வெள்ளிக்கிழமை மேட்னி. அக்கா வீட்டுச் சனம் முப்பத்திரண்டு பேரு. பட்டுச்சேலை என்ன, மல்லிகைப்பூ என்ன. அக்கா ஒரு எவர்சில்வர் தூக்குல அதிரசம் கொண்டாந்து தியேட்டர் வாட்ச்மேன் வரைக்கும் குடுத்துச்சு. படம் ஓடுது. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஆனா முறையை மாத்தல. கனியப்பாகிட்ட நேரம் கேட்டேன், பத்து நிமிஷம் முன்னாடி சட்டியைப் போட்டேன். சொந்தப் புள்ள பாட்டுங்கிறதால அன்னிக்கு மாவுல கொஞ்சம் ஓமமும் பெருங்காயமும் கூடவே போட்டேன். விசேஷம்ல? செங்கலையும் இன்னும் நாலு விரக்கடை தள்ளி வச்சேன், பாட்டு நல்லாக் கேக்கட்டும்னு.

பாட்டு ஆரம்பிச்சுச்சு. எண்ணெய் போடுற சத்தத்துல ஒண்ணும் சரியாக் கேக்கல. கதவு திறந்துச்சு. ஒண்ணு. ரெண்டு. அப்புறம் கூட்டமா வர்றாய்ங்க தம்பி. "அண்ணே மொளகா நாலு", "அண்ணே இங்க ரெண்டு". கை பாட்டுக்குக் குடுக்குது, வாய் எண்ணுது. நாலாவதா வந்தது யாருன்னு நினைக்கிறீங்க? எங்க மச்சான். பெத்த அப்பன். மக பாட்டு உள்ள ஓடுது, இந்த மனுசன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு, "மாப்ள, வாழக்கா இருக்கா"ன்னு வந்து நிக்கிறாரு. பெத்தவனுக்கே உக்கார முடியலைன்னா மத்தவனை என்ன சொல்றது?

நாப்பத்தி மூணு பேரு தம்பி. அந்த வருஷத்துல அதுவரைக்கும் அதுதான் அதிகம்.

படம் விட்டு வந்ததும் அக்கா நேரா என்கிட்டதான் வந்துச்சு. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. "என்னடா தவமணி, உன் மருமக பாட்டு எப்படி?"ன்னு கேட்டுச்சு. பக்கத்துல நிறைமதி நிக்குது. என் மூஞ்சியையே பாக்குது.

நான் என்ன சொல்லட்டும்? பொய் சொல்லவா? ஊருக்கெல்லாம் ஒரு நியாயம், அக்கா மகளுக்கு ஒரு நியாயமா? "நாப்பத்தி மூணுக்கா"ன்னேன். அக்காவுக்கு என் கணக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமா என் தீர்ப்பைக் கேட்டுத்தான் அதுவே படத்துக்குப் போகும். சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு. அதோட விட்டுச்சா? பின்னாடி மைக்கு வச்சிருந்த பயலுக இதைப் பிடிச்சுட்டாய்ங்க. சாயங்காலத்துக்குள்ள, "மருமகள் பாடிய பாட்டை மாமாவே கழுவி ஊத்தினார்"னு போட்டு விட்டுட்டாய்ங்க. கழுவி ஊத்துனேனா நான்? ஒரு எண்ணு சொன்னேன், அவ்வளவுதான்.

அக்கா போன்ல பேசுனது இன்னும் காதுல இருக்கு. "மடியில வச்சுக் காது குத்துன மாமன்டா நீ. அந்தக் காதுல விழுற மாதிரி இப்படிச் சொல்லிட்டியே. இனி என் வாசலை மிதிக்காத." வச்சிருச்சு. எனக்கிருக்கிறது ஒரே அக்கா. அன்னிக்கு ராத்திரிச் சோறு இறங்கல தம்பி, சொல்றதுக்கு என்ன வெக்கம்.

அதோட போயிருந்தாக் கூடப் பரவாயில்ல. இந்தக் கோபாலகிருஷ்ணன் ரெப்பு சனிக்கிழமை காலையில வந்து, நீங்க உக்காந்திருக்கிற அதே ஸ்டூல்ல உக்காந்து ஒரு சேதி சொன்னாரு. படம் நீளமா இருக்காம். கம்பெனியில அஞ்சு நிமிஷம் வெட்டணுங்கிறாகளாம். வெட்டுறதுன்னா இந்தப் பாட்டைத்தான். டைரக்டர் வேணும்னு அடம் பிடிக்கிறாராம், தயாரிப்பாளர் வேணாங்கிறாராம். சரி, ஊர்க்காரன் என்ன சொல்றான்னு பாப்போம்னு அஞ்சு ஊரு ரெப்புகிட்ட கேட்டிருக்காக. ரெண்டு ஊரு இருக்கட்டும்னுச்சு, ரெண்டு ஊரு தூக்குன்னுச்சு. பாக்கி உசிலம்பட்டி. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள இவரு சொல்லணும். திங்கக்கிழமை எல்லா ஊருக்கும் வெட்டுன படம் போயிரும்.

"உங்க கணக்கைத்தான் அண்ணாச்சி சொல்லப் போறேன்"னாரு. பாத்தீங்களா? தமிழ்நாடே என் பஜ்ஜிச் சட்டி முன்னால வந்து நின்னுச்சு. ஆனா சந்தோசப்பட முடியல. பாட்டு போச்சுன்னா, அந்தப் புள்ள மறுபடி நாலு பேரோட நின்னு ஆ-ன்னு பாடத்தான் போகணும். முதல் தனிப்பாட்டையே தூக்கிட்டாய்ங்கன்னா அடுத்து யாரு கூப்பிடுவா? அதுவும் சொந்த மாமன் வாயால.

சனிக்கிழமை மூணு காட்சியும் எண்ணுனேன். முப்பத்தெட்டு. நாப்பத்தஞ்சு. நாப்பது. ஒவ்வொரு தடவையும் குறையாதா குறையாதான்னு பாக்குறேன், குறையல. மனசு கேக்காம மாவுல இன்னும் கொஞ்சம் பெருங்காயம் போட்டுத் திருப்தியாச் சுட்டேன். கனியப்பா மேல இருந்து இறங்கி வந்து, "அண்ணே, பாட்டுக்கா வர்றாய்ங்க? பஜ்ஜி வாசத்துக்கு வர்றாய்ங்க. மேல என் ரூம்புக்கே வருது, எச்சில் ஊறுது"ன்னான். பொறாமை பிடிச்ச பய. அவனுக்கு ரொம்ப நாளா என் தீர்ப்பு மேல ஒரு கண்ணு. படத்தை ஓட்டுறவன் அவன், ஊரு கேக்குறது என்னைய. எரியும்ல?

ஞாயித்துக்கிழமை காலையில நிறைமதி வந்துச்சு. தனியா. அக்காவுக்குத் தெரியாம வந்திருக்கும்போல. அழும், கெஞ்சும், "மாமா ஒரு இருவதுன்னு சொல்லிருங்க"ன்னு கேக்கும்னு நினைச்சேன். கேட்டா என்ன சொல்றதுன்னு ராத்திரி பூரா யோசிச்சு வச்சிருந்தேன். அது ஒண்ணுமே கேக்கல. இந்த ஸ்டூலைப் போட்டு உக்காந்துச்சு. காலைக்காட்சி பூரா இங்கயேதான் இருந்துச்சு. நான் கனியப்பாகிட்ட நேரம் கேட்டதைப் பாத்துச்சு. சட்டியைப் போட்டதைப் பாத்துச்சு. செங்கலைப் பாத்துச்சு. ஃபேனைப் பாத்துச்சு. ஜனம் வர்றதைப் பாத்துச்சு. முப்பத்தாறு. அப்புறம் திடீர்னு சிரிக்க ஆரம்பிச்சுச்சு பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு.

"என்னம்மா சிரிக்கிற?"ன்னேன். எனக்கு ஒரு பக்கம் பயம், புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சுன்னு.

"ஒண்ணுமில்ல மாமா. ஒரு பஜ்ஜி குடுங்க"ன்னுச்சு. மூணு சாப்பிட்டுச்சு. "மாமா, உங்க பஜ்ஜியை யாராலயும் ஜெயிக்க முடியாது. என்னாலயும் முடியாது"ன்னுச்சு. எவ்வளவு பெரிய மனசு பாருங்க. அவ்வளவு வருத்தத்துலயும் பாராட்டுது.

அப்புறம்தான் கேட்டுச்சு. "மாமா, மேட்னிக்கு என்கூட உள்ள வந்து உக்காருங்க. நீங்க என் பாட்டை முழுசாக் கேட்டதே இல்ல."

"சட்டியை யாரும்மா பாக்குறது? எந்திரிச்சு வர்ற ஜனம் பஜ்ஜி இல்லாமத் திரும்புனா என் பேரு என்னாகும்?"

"ஒரு பாட்டு மாமா. அஞ்சு நிமிஷம். எனக்குக் காது குத்துனப்ப மட்டும் யாரு சட்டியைப் பாத்தா?"

அன்னிக்குக் கேன்டீனையே பூட்டிட்டுப் போனவன் நான். சரின்னு கேஸை அணைச்சேன். அது எந்திரிச்சு, செங்கலைக் காலாலயே தள்ளி விட்டுக் கதவைச் சாத்துச்சு. "ஏசி வெளிய போகுது மாமா"ன்னுச்சு. தியேட்டர் முதலாளிக்கு இல்லாத அக்கறை பாருங்க அதுக்கு.

இருபத்தாறு வருஷம் கழிச்சு உள்ள போறேன். சீட்டெல்லாம் மாத்திட்டாய்ங்க, எனக்குத் தெரியாது. எங்க உக்கார்றதுன்னே தெரியல, அதுதான் கையைப் பிடிச்சுக் கூட்டிப் போயி ஓரத்து சீட்டுல உக்கார வச்சுச்சு. நான் திரையைப் பாக்கல தம்பி. பொய் சொல்ல மாட்டேன். திரும்பி உக்காந்து ஜனத்தைத்தான் பாத்தேன். எவன் எந்திரிக்கிறான், எவன் கால் மாத்துறான். தியேட்டர் நிறைஞ்ச கூட்டம்.

பாட்டு ஆரம்பிச்சுச்சு. மூணாவது வரிசையில ஒருத்தன் அசைஞ்சான். போச்சு, இவன்தான் முதல் ஆளுன்னு நினைச்சேன். கைலியைச் சரி பண்ணிட்டு உக்காந்துட்டான். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, அவளும் எந்திரிக்கல. நான் எண்ணுறதுக்கு வாயைத் திறந்து வச்சுக்கிட்டே இருக்கேன், எண்ண ஆளில்ல.

அப்பத்தான் காதுல விழுந்துச்சு. மேளம் ஒண்ணும் பெருசா இல்ல. வெறும் குரல். மதுரை பஸ் போச்சு, தேனி பஸ் போச்சு, நீ வார பஸ்ஸு எந்த பஸ்ஸுன்னு கேக்குது. கேட்டுட்டு ஒரு எடத்துல நிக்குது தம்பி. பாட்டு பூரா நின்னுபோச்சு. மூச்சை உள்ள இழுத்துக்கிட்டு அப்படியே நிக்குது. சத்தமே இல்ல. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அதே மூச்சு. என் மடியில உக்காந்து, வாயைத் திறந்து, என்னைப் பாத்துக்கிட்டே இழுத்துச்சே, அதே மூச்சு. தியேட்டரே மூச்சு விடல. அப்புறம் விட்டுச்சு.

நான் அழுதுட்டேன். என்னத்துக்கு மறைக்கணும், குலுங்கிக் குலுங்கி அழுதுட்டேன். அடுப்பும் இல்ல, புகையும் இல்ல, வெங்காயமும் அரியல. அந்தப் புள்ள இருட்டுல என் கையை எடுத்து அது கைக்குள்ள வச்சுக்கிச்சு. எவ்வளவு சின்னக் கை.

பாட்டு முடிஞ்சு வெளிய வந்தேன். கோபாலகிருஷ்ணன் ரெப்பு கதவுகிட்டயே நிக்கிறாரு, பேனாவும் கையுமா. "எத்தனை அண்ணாச்சி?"ன்னாரு. "பூஜ்ஜியம்"னேன். "என்ன அண்ணாச்சி, காலையில முப்பத்தாறு, இப்ப பூஜ்ஜியமா?"ன்னு சந்தேகமாப் பாக்குறாரு. நல்லா யோசிச்சேன் தம்பி. எனக்கு ஒரே பதில்தான் வந்துச்சு. நான் உள்ள போயி உக்காந்துட்டேன்ல? ஊரே மதிக்கிற மனுசன், இருபத்தாறு வருஷமா உள்ள வராதவன், வந்து உக்காந்திருக்கான். எவனாவது எந்திரிப்பானா? மரியாதை. வேற என்ன? மரியாதைக்கு உக்காந்தவன்தான், உக்காந்த உடனே பாட்டைக் கேட்டுட்டான். கேட்டவனுக்குப் பிடிச்சுப் போச்சு. அவ்வளவுதான் விஷயம். ரெப்புகிட்ட சொன்னேன், "பாட்டு இருக்கட்டும்னு சொல்லுங்க. தவமணி சொன்னான்னு சொல்லுங்க."

இருந்துச்சு. வெட்டல. இன்னிக்கு நிறைமதி ஆறு பாட்டு பாடியாச்சு. அன்னிக்குச் சாயங்காலமே அக்கா போன் பண்ணுச்சு. ரொம்ப நேரம் பேசல. "சாப்பிட்டியாடா"ன்னுச்சு. "இல்லக்கா"ன்னேன். "வா, வந்து சாப்பிடு"ன்னுச்சு. அவ்வளவுதான், எங்க சண்டை முடிஞ்சுது.

அதுல இருந்து ஒரு பழக்கம். நிறைமதி பாட்டு இருக்கிற படம் வந்தா, வியாழக்கிழமையே போன் வரும். "மாமா, என் பாட்டுக்கு நீங்க உள்ள போயி உக்காரணும். கேஸை அணைச்சீங்களா, கதவைச் சாத்துனீங்களான்னு கனியப்பாண்ணன்கிட்ட கேப்பேன்"னு மிரட்டும். கேஸு விஷயத்துல புள்ளைக்கு அவ்வளவு பயம், எனக்கு எதுவும் ஆயிறக் கூடாதுன்னு. நான் போயி உக்காருவேன். இதுவரைக்கும் ஆறு பாட்டு தம்பி, நான் உள்ள உக்காந்துட்டா, இந்தத் தியேட்டர்ல அது பாட்டுக்கு ஒரு ஆளு எந்திரிச்சதில்ல. வேற எவன் பாட்டா இருந்தாலும், எவ்வளவு பெரிய பாட்டுக்காரனா இருந்தாலும், இருவத்தஞ்சு முப்பதுன்னு வந்துக்கிட்டேதான் இருக்காய்ங்க. அப்ப யாருகிட்ட சரக்கு இருக்குன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

மணி என்னாச்சு? அடடா. உங்க படத்துப் பாட்டுக்கு இன்னும் பத்து நிமிஷம்தான். கொஞ்சம் நகருங்க தம்பி, சட்டியை வைக்கணும். அந்தச் செங்கல் உங்க காலுகிட்ட கிடக்கு பாருங்க, அதை அந்தக் கதவுக்குக் கொஞ்சம் முட்டுக் குடுங்க. ஏன் தயங்குறீங்க? வைங்க.

என்னது? உங்க பாட்டுக்கும் நான் உள்ள வந்து உக்காரணுமா? நல்லா இருக்கே. கண்டவன் பாட்டுக்கெல்லாம் நான் போயி உக்காந்தா, அப்புறம் என் தீர்ப்புக்கு என்ன மதிப்பு?

என்ன சொன்னீங்க? கனியப்பா சொன்னதா? வாசமா?

சரி, ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். அவன் சொன்னது நெசம்னே வச்சுக்குவோம். அப்ப இந்த இருபத்தாறு வருஷமா நான் தேறாதுன்னு சொன்ன பாட்டெல்லாம்? அதுலயும் எவனோ ஒருத்தன், எவளோ ஒருத்தி, மூச்சை இழுத்துப் பிடிச்சு நின்னிருப்பாக. அவுகளுக்கும் ஒரு மாமன் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்திருப்பான். அப்படின்னா அதெல்லாம்...

சேச்சே. இருக்காது. இருக்கவே இருக்காது தம்பி.

எண்ணெய் காஞ்சிருச்சு. இந்தா, முதல் ஈடு பஜ்ஜி எடுக்குறதுக்குள்ள பாட்டும் ஆரம்பிச்சிருச்சு. பாத்தீங்களா, வர்றாய்ங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. எழுதிக்கங்க.